மூலை வெட்டிய தொட்டி

ஆகஸ்ட் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் மாடிச் சாப்பாட்டறையில், சாப்பாட்டு மேஜையின்மேல் இருந்த கண்ணாடித் தொட்டிக்குள் முதல் வாளித் தண்ணீர் ஊற்றப்பட்டது.

ஊற்றியவள் சின்னவள். பக்கத்தில் டார்ச் விளக்கோடு நின்றவர் அவளுடைய அப்பா. கொஞ்சம் தள்ளி, கதவு நிலையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் அத்தான், அக்காவின் கணவர். அக்கா சமையலறையில் இருந்தாள். காதுகளை மட்டும் இங்கே அனுப்பியிருந்தாள்.

இந்த வீட்டுக்குள் இன்றுதான் வருகிறவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடலாம்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவள் சின்னவள். கடையை மூடிவிட்டார்கள். அதன்பிறகு மீன் தொட்டி செய்வதென்று முடிவு செய்தாள். கடையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகள் அல்ல. வைக்கப்போகும் இடத்தை அளந்து, அதற்கேற்ப வெட்டி ஒட்டுகிற தொட்டிகள். பக்கத்துத் தெருப் பல் மருத்துவர் தமது காத்திருப்பு அறையின் மூலைக்கு ஒன்று கேட்டிருக்கிறார். கேட்க ஆள் உண்டு, செய்ய இடம் இல்லை.

இடம் ஒன்று இருந்தது. தெருவைப் பார்த்த கீழறை. அவள் அதைக் கேட்டாள். குளியலறைச் சாமான்கள் விற்கும் அத்தானும் கிடங்கு வேண்டுமென்று அதையே கேட்டார்.

அப்பா தீர்ப்புச் சொன்னார். சின்னவள் முதலில் ஒரு தொட்டி செய்து காட்ட வேண்டும். விளிம்புவரை தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுவதும் ஒழுகாமல் நின்றால் அறை அவளுக்கு. ஒழுகினால் அத்தானுக்கு.

அத்தானுக்குச் சோதனை எதுவும் இல்லை. அவர் கேட்டார், அது போதுமானதாக இருந்தது.

அப்பா லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்றைக்கும் 'லிஃப்ட்காரர்' என்றுதான் பெயர். ஓய்வுக்குப் பிறகு சோதித்துப் பார்க்க அவருக்கு வீட்டு மனிதர்கள் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள்.

அன்று காலை அவர் சட்டையை உள்ளே சொருகி, பெல்ட் போட்டிருந்தார். தொட்டியைச் சுற்றிலும் பழைய செய்தித்தாள்களை ஒட்டினாற்போலப் பரப்பினார். ஒரு சொட்டு விழுந்தாலும் தாள் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ரசமட்டத்தை விளிம்பில் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

"மட்டம் சரி" என்றார்.

"நேத்தே பார்த்துட்டேம்பா."

"நீ பார்த்தது வேற. நான் பார்க்கறது வேற."

அத்தான் டீயை உறிஞ்சினார். "அம்மாடி, மீன் எப்ப வரும்? இல்ல, முதல்ல ஒரு படகு வாங்கி வச்சுக்கணுமா?"

"மாப்பிள்ளை, சோதனை நடக்கும்போது பேசக் கூடாது."

"சரி மாமா. மனசுக்குள்ள சிரிச்சுக்கறேன்."

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நின்னாலும் சரி, ஒழுகினாலும் சரி, எனக்கு என் மேஜை வேணும். எத்தனை நாளைக்குடி மடியில தட்டை வச்சுக்கிட்டுச் சாப்பிடறது? நேத்து குழம்பு பாதி என் புடவைக்குத்தான் போச்சு."

சின்னவள் குழாயில் ரப்பர் ஹோஸைச் சொருகி, மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டாள்.

தொட்டி பார்க்க நன்றாகவே இருந்தது. மூலையில் வைக்கிற தொட்டி என்பதால், நடக்கிறவர்கள் இடித்துக்கொள்ளாமல் இருக்க அதன் முன்மூலை ஒன்றைச் சாய்வாக வெட்டியிருந்தாள். அந்தச் சாய்வுக் கண்ணாடி இரண்டு பக்கக் கண்ணாடிகளோடும் பொருந்த வேண்டும். அதற்காக ஓரங்களைக் கோணம் பார்த்துத் தேய்த்தாள். லென்ஸ் தேய்த்த கை. இணைப்பில் தலைமுடி நுழைய இடமில்லை. நடுவில் சிலிக்கோன் பசை மட்டும் மெல்லிய கோடாக ஓடியது. ஒட்டிவிட்டு, தூசி விழாமல் போர்வையால் மூடி, அது தானாகக் காயும்வரை காத்திருந்தாள். நேற்று ரசமட்டம் வைத்தபோதுகூட விளிம்பை மட்டும்தான் திறந்தாள். முழுப் போர்வையையும் எடுத்தது இன்று காலையில்தான்.

தண்ணீர் ஏறியது. அப்பா டார்ச்சை அடித்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தார்.

கால்வாசி. தாள்கள் உலர்ந்தே இருந்தன.

பாதி. அப்போதும் உலர்ந்தே இருந்தன.

அத்தானின் முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது. அக்கா கையில் கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். "நிக்குதுடி!" என்றாள், தன்னை மறந்து.

சின்னவள் ஹோஸைச் சரிசெய்யத் தொட்டிக்குள் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

வினிகர் வாடை.

சிலிக்கோன் பசை காயும்போது அந்த வாடை வரும். காய்ந்து முடிந்தால் போய்விடும். அவள் ஒட்டியது காய்ந்து முடிந்து நாளாகிவிட்டது. அந்த வாடைக்கு இங்கே இன்று வேலையே இல்லை.

"அப்பா, உங்களுக்கு வினிகர் வாடை வருதா?"

அப்பா டார்ச்சைப் பார்த்தார். "எனக்கு மூக்கு அடைச்சிருக்கும்மா."

சாய்வுக் கண்ணாடிக்குக் கீழே இருந்த தாளில் ஒரு புள்ளி கறுத்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தன.

எல்லோரும் பார்த்தார்கள். அப்பா மெல்ல மண்டியிட்டு, தாளை விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார். எழுந்து நின்றபோது அவர் குரல் வீட்டுக் குரலாக இல்லை.

"தகுதி பெறவில்லை" என்றார். "குழாயை நிறுத்து."

அத்தான் டீக் கோப்பையை வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனார். போனில் அவர் பேசியது உள்ளேயும் கேட்டது. "ஆமாங்க, கிளியர் ஆயிடுச்சு. இன்னிக்கே ஏத்தி அனுப்பிடுங்க. கீழறைதான். லாரி வாசல்வரைக்கும் வரும்."

தண்ணீரை வெளியேற்றுவதற்குள் மேஜையின் ஒரு பக்கம் ஊறிவிட்டது. அக்கா துணி போட்டுத் துடைத்தாள். சின்னவள் துடைக்கவில்லை. காலியான தொட்டிக்குள் தலையை விட்டு, சாய்வு இணைப்பை விரல் நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள்.

உள்பக்கம் பசையின்மேல் இன்னொரு பசை இருந்தது.

நகத்தைக் கொடுத்து இழுத்தாள். அது நாடாவைப் போல நீளமாக, முழுசாக உரிந்து வந்தது. அவளுடைய பசை கறுப்பு. இது தெளிவாக, பளபளப்பாக, சுண்டுவிரல் தடிமனில் இருந்தது. அதன் கீழே, அவள் போட்ட கறுப்புக் கோட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் காணவில்லை. வெட்டி எடுத்திருந்தார்கள்.

அவள் தலையை வெளியே எடுத்தாள். உரித்த நாடா கையில் தொங்கியது.

"அத்தான்."

பால்கனியிலிருந்து வந்தவர் அதைப் பார்த்தார். "என்னது?"

"நீங்கதான் சொல்லணும். உங்க கடைச் சரக்கு. குளியலறை ஓரத்துக்குப் பூசறது."

"அதுக்கு?"

"என் தொட்டியில எப்படி வந்துச்சு?"

"எனக்கென்னம்மா தெரியும்? ஊர்ல எல்லாக் கடையிலயும் விக்கறாங்க."

"ஊர்ல எல்லாரும் இந்தச் சாப்பாட்டறைக்கு வர்றாங்களா?"

"இங்க பாரு, ஒட்டத் தெரியலேன்னா தெரியலேன்னு ஒத்துக்கோ. என் தலையில கட்டாத. உன் தொட்டியை நான் தொட்டதே கிடையாது. இது சத்தியம்."

"அறை வேணும்னா நேரா கேட்டிருக்கலாமே. திருட்டுத்தனமா வந்து..."

"யாரைத் திருடன்னு சொல்ற?" அத்தானின் குரல் மேல்மாடிவரை போனது. "நான் இந்த வீட்டு மாப்பிள்ளை. இந்த வீட்டுல எந்தக் குழாய் ஒழுகினாலும் ஓடி வர்றவன். என்னைப் பார்த்து..."

"நான்தாம்மா."

சொன்னவர் அப்பா. அவர் ஈரத் தாள்களை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"என்னப்பா?"

"வெள்ளிக்கிழமை நீ வெளிய போயிருந்தப்ப போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். அந்த இணைப்புல ஒரு குமிழி தெரிஞ்சுது. மிளகு சைஸுக்கு. மனசு கேக்கலை. பழசைக் கொஞ்சம் பிளேடால சுரண்டிட்டு, மேல கனமா ஒரு பூச்சு விட்டேன். ரெட்டைப் பாதுகாப்பா இருக்கட்டும்னு."

சின்னவளின் குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"எவ்வளவு ஆழம் சுரண்டினீங்க?"

"பிளேடு போன வரைக்கும்."

"பிளேடு ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல போயிருக்குப்பா. அதுதான் இணைப்பே. அதை அறுத்துட்டீங்க. அறுத்துட்டு, மேல மெழுகியிருக்கீங்க. புதுப் பசை கண்ணாடியில ஒட்டும். பழைய பசை மேல ஒட்டாது. அந்தக் குமிழி பாட்டுக்கு நடுவுல தனியா நின்னுட்டிருந்துச்சு. அது வழியா ஒரு சொட்டும் வராது."

"எனக்கு அது தெரியாதேம்மா."

"தெரியாதுன்னா என்னைக் கேக்கணும்."

"நல்லதுக்குத்தான் செஞ்சேன். நீ தோத்துடக் கூடாதுன்னு."

"நான் தோப்பேன்னு முடிவு பண்ணிட்டுத்தானே பிளேடையே எடுத்தீங்க?"

அப்பா தாளை மடித்தார். அது ஏற்கெனவே மடித்த தாள்.

"லிஃப்டைச் சோதிக்கப் போற இடத்துல நீங்களே திருகாணியை முடுக்குவீங்களாப்பா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"அது என் வேலை இல்ல."

"இது?"

அக்கா துடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

"அன்னிக்கு டார்ச்சோட போர்வையைத் தூக்கினீங்களே, அதையே என் முன்னாடி செஞ்சிருக்கலாம். 'குமிழி இருக்கே, என்னடி இது'ன்னு கேட்டிருக்கலாம். நான் சொல்லியிருப்பேன். அதை விட்டுட்டு, நீங்களே பரீட்சை வச்சு, நீங்களே என் விடைத்தாள்ல எழுதி, நீங்களே ஃபெயில் போட்டு... குதிரை கீழ தள்ளினதோட குழியும் பறிச்ச கதையா இருக்கு."

"ஒழுகினப்ப எனக்கும்தாம்மா வருத்தமா இருந்துச்சு. ரெண்டு பூச்சு இருந்தும் ஒழுகுதே, அப்ப உன் வேலையில ஏதோ..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காததே மேல்.

அக்கா ஈரத் துணியை மேஜைமேல் வைத்துவிட்டு மேல்மாடியில் இருந்த தங்கள் அறைக்கு ஏறினாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பசைக் குழல் இருந்தது. பாதி தீர்ந்திருந்தது. முனையில் காய்ந்த பசை தெளிவாக, பளபளப்பாக இருந்தது.

"உங்க சாமான் பெட்டியில இருந்துச்சுங்க" என்றாள் கணவரிடம்.

"மாமா கேட்டாரு, கொடுத்தேன். மீதியைத் திருப்பிக் கொடுத்தாரு, வச்சேன். அது குத்தமா?"

அக்கா குழலைத் திருப்பி, பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். "பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து சேர்க்கப்பட்டது. மீன் தொட்டிகளுக்குப் பயன்படுத்தக் கூடாது."

"சின்ன எழுத்துல இருக்கறதையெல்லாம் யாரு படிக்கிறா?"

"நீங்க படிச்சிருக்கீங்க. போன மாசம் யாரோ போன்ல கேட்டப்ப, 'இது ஆகாது சார், மருந்து கலந்தது, மீன் செத்து மிதக்கும்'னு சொன்னீங்க. நான் பக்கத்துல துணி மடிச்சிட்டிருந்தேன்."

அத்தான் ஒரு கணம் தடுமாறினார். பிறகு சமாளித்தார். "மாமா எதுக்குக் கேக்கறாருன்னு எனக்குத் தெரியுமா? பாத்ரூம்ல எங்கயோ ஒழுகுதுன்னு நெனச்சேன்."

"இல்ல மாப்பிள்ளை." அப்பா முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். "எதுக்கு மாமான்னு கேட்டீங்க. தொட்டிக்குன்னு சொன்னேன். 'தாராளமா எடுத்துக்கோங்க மாமா, இதைவிட நல்ல பசை கிடையாது'ன்னீங்க."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"காலையில வந்து நின்னு படகு வாங்கணுமான்னு கேலி வேற" என்றாள் அக்கா. "பிள்ளையையும் கிள்ளிட்டு, தொட்டிலையும் ஆட்டிட்டு, அழுகுதேன்னு சிரிக்க வேற செஞ்சீங்களா?"

"நீ யார் பக்கம் பேசற?"

"துணி மடிச்ச பக்கம்."

சின்னவள் அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அறை?"

இந்தக் கேள்வி வருமென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். "என் தப்பு இருக்கு. இல்லேன்னு சொல்லலை. ஆனா ஒழுகின தொட்டியை ஒழுகலைன்னு நான் சொல்ல முடியாது. யார் கெடுத்திருந்தாலும் ஓடாத லிஃப்ட் ஓடாத லிஃப்ட்தான். இன்னொண்ணு செய். மறுபடியும் சோதனை வைப்போம். இந்தத் தடவை யாரும் கிட்ட வராம நான் பார்த்துக்கறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் மாப்பிள்ளை சரக்கு கீழ இருக்கட்டும். லாரி கிளம்பிடுச்சாமே."

அவர் இதை நியாயமான ஏற்பாடு என்றுதான் நம்பினார். அவர் குரலில் வஞ்சகம் இல்லை. அதுதான் சின்னவளைத் தாங்க முடியாமல் செய்தது.

"அத்தானுக்கு எப்பப்பா சோதனை வச்சீங்க?"

"மாப்பிள்ளை வியாபாரம் பண்றவர்..."

"வாஷ்பேசினை அடைச்சு, தண்ணி விட்டு, கீழ பேப்பர் விரிச்சுப் பார்த்தீங்களா? டார்ச் அடிச்சீங்களா? மேல பால்கனி முழுக்க அவர் சாமானை அடைச்சப்ப ரசமட்டம் வச்சீங்களா? அவர் வாயைத் திறந்தாரு, நீங்க தலையை ஆட்டினீங்க. நான் கேட்டப்ப மட்டும் உங்களுக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துச்சு. லென்ஸ் தேய்ச்ச கைப்பா இது. எத்தனை பேரு இந்தக் கை தேய்ச்ச கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரோட்டைத் தாண்டறாங்க. அவங்க யாரும் என்னைப் பரீட்சை வைக்கலை. நீங்க இப்பப் போட்டிருக்கறதும் நான் தேய்ச்சதுதான்."

அப்பாவின் கை தன்னை அறியாமல் மூக்குக்கண்ணாடிக்குப் போனது. பாதியில் இறங்கிவிட்டது.

"இன்னொரு சோதனைக்கு நான் வரலை" என்றாள்.

மீன்பிடிக்கிற நைலான் நூலை எடுத்தாள். இரண்டு முனைகளையும் இரண்டு குச்சிகளில் சுற்றினாள். தொட்டியின் பின்மூலை இணைப்பில் நூலைக் கொடுத்து, முன்னும் பின்னுமாக இழுத்து அறுக்க ஆரம்பித்தாள். மருந்து கலந்த பசை பட்ட தொட்டியை அப்படியே விட முடியாது. முழுவதையும் பிரித்து, ஒவ்வொரு ஓரத்தையும் சுரண்டித் துடைத்து, புதிதாகத்தான் ஒட்ட வேண்டும்.

"அக்கா, அந்தப் பக்கம் பிடிக்கிறியா?"

அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கை அறுபடாதே?"

"ஓரம் தேய்ச்சிருக்கேன். அறுக்காது."

"அது சரி, உன்னை நம்பாம வேற யாரை நம்பறது? ஆனா மெதுவா இழுடி."

அத்தான் எதையோ சொல்ல வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே தெருவுக்கு இறங்கிப் போனார்.

ஆறு கண்ணாடிகளையும் பிரித்து முடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. சாப்பாடு யாரும் கேட்கவில்லை. சகோதரிகள் இருவரும் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள். அடிக்கண்ணாடி கனம். படித் திருப்பத்தில் அக்கா மூச்சு வாங்கினாள். மேலே அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"நான் ஒரு கை பிடிக்கட்டுமாம்மா?"

"வேண்டாம்பா."

"கனமா இருக்கே."

"தெரியும்."

கீழறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே கால் உடைந்த நாற்காலி, காற்றில்லாத சைக்கிள், சாக்கில் கட்டிய பழைய பாத்திரங்கள். தெருவைப் பார்த்த ஜன்னலில் வெளிச்சம் நன்றாக வந்தது. சாமான்களை ஒரு மூலைக்குத் தள்ளினார்கள். அக்கா கூட்டினாள். கண்ணாடிகளைத் துணி விரித்த தரையில் இடைவெளி விட்டுப் படுக்க வைத்தார்கள். கதவிலிருந்து ஜன்னல்வரை கால் வைக்க ஓரடி பாதை மட்டும் மிஞ்சியது.

சின்னவள் தரையில் உட்கார்ந்து, பிளேடால் பழைய பசையைச் சுரண்டத் தொடங்கினாள். அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உனக்கும் அவருக்கும் நடுவுல என்னால..." என்றாள் சின்னவள்.

"எங்களுக்கு நடுவுல ஏற்கெனவே குமிழி இருந்துச்சுடி" என்றாள் அக்கா. "பிளேடு கொடு. நானும் சுரண்டறேன்."

மாலையில் லாரி வந்தது. ஓட்டுநர் இறங்கிவந்து கதவுக்குள் எட்டிப் பார்த்தார். தரை முழுக்கக் கண்ணாடி, நடுவில் இரண்டு பெண்கள்.

"சார், இதுல எங்க இறக்கறது? கால் வைக்கவே இடமில்லையே."

"இருப்பா" என்றார் அத்தான். உள்ளே பார்த்தார். "ரெண்டு பேரும் எந்திரிங்க. மாமா சொன்னதைக் கேட்டீங்கல்ல?"

அக்கா சுரண்டிக்கொண்டிருந்தாள். சின்னவளும் நிமிரவில்லை.

அத்தான் தெருவுக்குத் திரும்பி அண்ணாந்து பார்த்தார். முதல் மாடி ஜன்னலில் அப்பா நின்றிருந்தார்.

"மாமா, நீங்களே சொல்லுங்க! நீங்க சொன்னா கேப்பாங்க!"

அப்பா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். லாரியைப் பார்த்தார். திறந்திருந்த கீழறைக் கதவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

ஓட்டுநர் அடுத்த வாடகைக்கு நேரமாகிறது என்றார். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார். சரக்கு இறக்கப்படாமல் லாரி திரும்பிப் போனது. அத்தானும் அதில் ஏறிப் போனார்.